வீட்டை ஒட்டிய ஐந்தடி

2015 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சியெரா நெவாடா மலையில் வெறும் புல்தரையில் நின்று பேசினார். மற்ற ஆண்டுகளில் அந்த நாளில் அதே இடத்தில் ஏறக்குறைய ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும். அன்று காய்ந்த புல்தான் கிடந்தது. ஊர்களும் நகரங்களும் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைத்தாக வேண்டும் என்று அங்கேயே ஆணையிட்டார். இந்த மாநிலத்தில் அப்படி ஒரு கட்டாயம் அதற்கு முன் வந்ததில்லை.

நாங்கள் சான் ஹோசேயின் தெற்கு ஓரத்தில், குன்றடிவாரத்தில், இந்த வீட்டை வாங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் புல்தரையைப் பெயர்த்துவிட்டிருந்தார்கள். பெயர்த்தவர்களுக்கு நீர் வாரியம் மானியமும் கொடுத்தது. புல் போன இடத்துக்கு ரோஸ்மேரி, லாவெண்டர், ஜூனிபர், கதிர் விடும் அலங்காரப் புற்கள் எல்லாம் வந்தன. நடுவில் மண்ணே தெரியாதபடி மரப்பட்டைச் சீவல். எங்களுக்கு முன் இருந்தவர்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள். முன்னறைச் சன்னலுக்குக் கீழே நீளமாக ஜூனிபர் புதர், வாசலுக்கு இரண்டு பக்கமும் கூம்பாக சைப்ரஸ், சமையலறைச் சுவரோரம் ரோஸ்மேரி.

நான் வளர்ந்தது தென்காசிப் பக்கம். சித்திரை வெயிலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்பு வரிசையில் நின்று வளர்ந்தவள். கோடை முழுக்கத் தண்ணீர் காட்டாவிட்டாலும் வாடாமல் நிற்கும் செடியைப் பார்த்தால் எனக்குத் தன்னால் ஒரு மரியாதை வரும். அந்தத் தோட்டத்தை அவ்வளவு பிடித்திருந்தது. தண்ணீரைத் தவிர வேறு கேள்வி எதையும் அதனிடம் கேட்கத் தோன்றவில்லை. தெருவில் மற்றவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை.

2017 அக்டோபர் 8 இரவு, வடக்கே சோனோமா மாவட்டத்தில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. காலிஸ்டோகா அருகே பற்றிய தீ, விடிவதற்குள் சான்டா ரோசா நகருக்குள் வந்துவிட்டது. அங்கே காஃபி பார்க் என்று ஒரு குடியிருப்பு. காட்டோரம் கூட இல்லை, சமதரை. அதற்கும் மலைக்கும் நடுவில் ஆறு வழி நெடுஞ்சாலை ஓடுகிறது. அந்தச் சாலையைத் தீப்பொறிகள் தாண்டிப் போய் 1,000-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கின. அடுத்த ஆண்டு நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரே எரிந்து 85 பேர் இறந்தார்கள். அந்த ஊரின் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: வீடு தரையோடு தரையாகக் கிடக்கிறது, பக்கத்து மரம் பச்சையாக நிற்கிறது. மரம் எரிந்து வீட்டுக்குத் தீ வந்திருந்தால் மரமல்லவா முதலில் கரியாகியிருக்க வேண்டும்?

2020 ஆகஸ்டில் மழையில்லாமல் வந்த மின்னல் எங்களுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் காட்டைக் கொளுத்தியது. மேற்கே சான்டா குரூஸ் மலையில், கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் மிகப் பழையதான பிக் பேசினின் ரெட்வுட் காடு எரிந்தது. எங்கள் காரின் மேல் தினமும் சாம்பல். செப்டம்பர் 9 அன்று பகல் பதினொரு மணிக்கு வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. விளக்கு போட்டுத்தான் சமைத்தேன். வாசல் பக்கம் போனபோது ஜூனிபரின் மேல் ஒரு கருகிய இலை வந்து கிடந்தது. கையில் எடுத்ததும் பொடிந்துவிட்டது. எங்கள் தெருவில் அந்த இலை எந்த மரத்திலும் கிடையாது. எத்தனை மைல் பறந்து வந்ததோ! அது நெருப்போடு வந்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

2022-ல் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். வேண்டுபவர்களுக்கு வீட்டைச் சுற்றிப் பார்த்து ஆலோசனை சொல்லத் தீயணைப்புத் துறையிலிருந்து ஆள் வருவார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருந்தேன். வந்தவர் வயதானவர், அதிகம் பேசாதவர். குன்றில் நிற்கும் மரங்களைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ சுவரை ஒட்டி, தரையைப் பார்த்தபடி நடந்தார். சன்னலுக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஜூனிபரை விலக்கிக் காட்டினார்.

வெளியே நாம் பார்ப்பது ஒரு சாண் கனத்துக்குப் பச்சை. அதற்கு உள்ளே முழுக்கப் பழுப்பு. பல வருடமாக உதிர்ந்த ஊசியிலைகள் கிளைக்குக் கிளை அடைந்து, தொட்டால் கொட்டும் சருகாக நின்றன. நடுவில் ஒரு குருவிக் கூடு, அதுவும் காய்ந்தது. அம்மாவுக்கு அவர் பேசிய மொழி தெரியாது. கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். முகர்ந்தாள். "ஏட்டி, இது படப்புல்லா! வீட்டை ஒட்டி எவனாவது படப்பு போடுவானா? அதுவும் சன்னலுக்கு நேர கீழ?" என்றாள்.

வைக்கோல் படப்பை எங்கள் ஊரில் களத்து ஓரம் தள்ளித்தான் போடுவார்கள். ஓலைக்கூரை இருந்த காலத்தில் அடுப்புப் பொறி எங்கே போய் உட்காரும் என்று ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். அம்மா சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து நின்று அம்மாவுக்குக் கை கொடுத்தார்.

அவர் விளக்கியதையும் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் பெரிய சுவாலை வந்து மோதிப் பற்றுவதில்லை. காற்றில் வரும் கங்குகள் ஒரு மைலுக்கு அப்பால்கூட வந்து விழும். கூரையோரச் சருகிலோ, மரச்சீவலிலோ, சுவரை ஒட்டிய புதரிலோ உட்கார்ந்து கனிந்து, பிறகு சுவருக்கு ஏறும். அமெரிக்க வனத்துறையின் மிசூலா ஆய்வுக்கூடத்தில் இதை ஆராய்ந்த ஜாக் கோஹன் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது இதைத்தான்: வீட்டின் தலைவிதி வீட்டிலும் அதைச் சுற்றியுள்ள சிறு வட்டத்திலும் இருக்கிறது. தீ அபாயம் உள்ள பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை சீராக வைக்கக் கலிபோர்னியா சட்டம் முன்பிருந்தே சொல்கிறது. 2020-ல் இன்னொரு சட்டம் வந்து, முதல் 5 அடிக்குக் கங்கு பற்றாத வளையம் என்று தனி இடம் கொடுத்தது. அதற்கான விதிகள் இழுத்துக்கொண்டே போனதால், 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸும் ஆல்டடீனாவும் எரிந்த பிறகு ஆளுநர் கேவின் நியூசம் பிப்ரவரியில் விரைவுபடுத்த உத்தரவு போட வேண்டியிருந்தது. செடிகளை இழக்க யாருக்கும் மனசில்லை என்பதும் தாமதத்துக்கு ஒரு காரணம். எனக்கு அது புரிகிறது.

ஏனென்றால் எனக்கும் மனசில்லை. ஜூனிபரை ஆள் வைத்துத் தோண்டி எடுத்தது எனக்கு வலிக்கவில்லை. சைப்ரஸ் போனபோது வாசல் மொட்டையாகத் தெரிந்தது, பழகிவிட்டது. ஆனால் படுக்கையறைச் சுவரில் மரச்சட்டத்தில் ஏறி இறவாணம் வரை போயிருந்த பிச்சிக்கொடி இருந்தது. முந்தைய வருகையில் அம்மா வைத்தது. அந்தப் பெரியவர் அதையும் பார்த்தார், அதன் அடியில் கிடந்த காய்ந்த தண்டுகளையும் பார்த்தார், கையால் மட்டும் சைகை காட்டினார். "தண்ணீர் நன்றாக ஊற்றுகிறேனே, பச்சையாகத்தானே இருக்கிறது" என்று அவரிடம் வாதாடினேன். கொடி பச்சைதான், சட்டம் மரம்தானே, கூரை மரம்தானே என்றார். மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகும் அந்தக் கொடியைத் தொடாமல் நாளைக் கடத்தினேன். காலையில் சன்னலைத் திறந்ததும் வரும் அந்த மணத்துக்காக வீட்டையே பணயம் வைக்கிறோம் என்று தெரிந்தேதான் கடத்தினேன்.

வழி கண்டது அம்மாதான். கொடியின் ஒரு தண்டை வளைத்துத் தொட்டி மண்ணில் புதைத்து, மேலே கல்லை வைத்துப் பதியன் போட்டாள். வேர் பிடித்ததும் அறுத்து எடுத்து, கொல்லையின் கடைசியில், வீட்டிலிருந்து தள்ளி, இரும்புக் கம்பிப் பந்தலில் ஏற்றினோம். சுவரோரம் இருந்ததை அதன் பிறகுதான் வெட்டினேன். இப்போது பூப்பறிக்க நடந்து போக வேண்டியிருக்கிறது. நடக்கிறேன்.

இனி செடி தேர்வுக்கு வருகிறேன், பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். எரியாத செடி என்று ஒன்று கிடையாது. இலையில் இருக்கும் நீர் ஆவியாகிப் போனால் எதுவும் எரியும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதில்தான் வித்தியாசம். ரோஸ்மேரி, ஜூனிபர், சைப்ரஸ், யூகலிப்டஸ் ஆகியவற்றின் இலையில் எண்ணெய் இருக்கிறது. சூட்டில் அது ஆவியாகி முதலில் பற்றுகிறது. யூகலிப்டஸுக்குக் கூடுதலாக உரியும் பட்டை வேறு. 1991 அக்டோபரில் ஓக்லண்ட் மலைத் தீயில் 25 பேர் இறந்தபோது அந்த மரங்களின் பெயர் நிறைய அடிபட்டது. ஆக, தண்ணீர் கேட்காத குணமும் தீயைத் தாங்கும் குணமும் வேறு வேறு. சில செடிகள் வறட்சியைத் தாங்குவதே சின்ன, கடின, எண்ணெய்ப் பசை உள்ள இலைகளால்தான். நெருப்புக்கு வேண்டியதும் அதுவே.

நர்சரியில் நான் செய்வது எளிமையானது. ஓர் இலையைக் கசக்கிப் பார்ப்பேன். மருந்து நெடி அடித்து விரலில் பிசின் ஒட்டினால் அந்தச் செடிக்கு வீட்டுப் பக்கம் இடமில்லை. இலை தடித்து, கசக்கினால் நீராகச் சாறு வந்தால் மேற்கொண்டு விசாரிப்பேன். தீக்குத் தாங்கும் செடிகள் என்று அச்சடித்த பட்டியல்களை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ரோஸ்மேரி ஒரு பட்டியலில் நல்லது, இன்னொன்றில் ஆகாது. தண்ணீர்த் தேவைக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பட்டியல் இருக்கிறது, 3,000-க்கும் மேற்பட்ட செடிகளுக்கு எது எவ்வளவு குடிக்கும் என்று வட்டாரம் வாரியாகச் சொல்லும். தினமும் பார்க்கலாம், அவ்வளவு பயனுள்ளது. தீயைப் பற்றி அது பேசாது.

எங்கள் வீட்டை ஒட்டிய ஐந்தடியில் இப்போது சரளைக்கல் மட்டும். அதற்கு அப்பால் சோற்றுக்கற்றாழையும் சிறு கள்ளி வகைகளும் தனித்தனித் திட்டுகளாக. பிறகு மாதுளை, அத்தி, ஒரு சாத்துக்குடி. இம்மூன்றும் இந்த மண்ணில் நன்றாக வருகின்றன. (கறிவேப்பிலை தொட்டியில். எலுமிச்சை இனத்தை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதிலும் தங்குவதால், கண்ட இடத்திலிருந்து அந்தக் கன்றை வாங்கி வரக் கூடாது. நம்மவர்கள் இதைக் கவனிப்பதில்லை.) இந்த மண்ணுக்கே உரிய கலிபோர்னியா ஃபியூஷியாவை சரிவில் நட்டேன். எல்லாம் காய்ந்து நிற்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் அது சிவப்பாகப் பூக்கும், தேன்சிட்டு மாதிரியான ஹம்மிங்பேர்ட் அதை விட்டு நகராது. குளிர்காலத்தில் தரையோடு வெட்டிவிட வேண்டும், விட்டால் அதுவும் சருகுதான். மூலையில் பழைய ஓக் மரம் ஒன்று, இந்தக் கரையோரத்து வகை. கனத்த, குழிந்த இலை அதற்கு. அதன் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டோம், அடியில் கோடையில் தண்ணீர் விடுவதில்லை. விட்டால் வேர் அழுகும்.

இடைவெளியைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. சமதரையில் இரண்டு புதர்களுக்கு நடுவே அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு விட வேண்டும். சரிவு கூடக்கூட நான்கு, ஆறு மடங்கு. மரத்துக்குக் கீழே புதர் இருந்தால், மரத்தின் தாழ்ந்த கிளை புதரின் உயரத்தைப் போல மூன்று மடங்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தீ புதரில் கால் வைத்து மரத்துக்கு ஏறிவிடும். முதலில் இந்தக் கணக்குப்படி தோட்டம் காலியாகத் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு செடியின் வடிவமும் கண்ணுக்குத் தெரிகிறது.

தண்ணீர் வேண்டாத செடி என்று நட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. எந்தச் செடியானாலும் முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும். அதன் பிறகும் உச்சக் கோடையில் எப்போதாவது ஒரு முறை, வேருக்கு இறங்கும்படி ஆழமாக. வதங்கிச் சுருங்கிய கற்றாழை தீயைத் தாங்கும் கற்றாழை இல்லை. தரையில் படரும் ஐஸ் பிளான்ட் தீக்குத் தாங்கும் செடிகளின் பல பட்டியல்களில் வரும். அதை ஒரு முறை தூக்கிப் பாருங்கள், அடியில் செத்த தண்டு மெத்தை மாதிரி கிடக்கும்.

பக்கத்து வீட்டு ஜூனிபர் வேலி எங்கள் சுவரிலிருந்து கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. இங்கே மனைகள் சிறியவை, ஒருவரின் ஐந்தடி இன்னொருவரின் வேலியில் முடிகிறது. அந்த வீட்டுக்காரர் தனியாக வாழும் முதியவர். மாதுளம்பழம் கொண்டு போய்க் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். வேலியை எடுக்கும் செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம்.

கலிபோர்னியாவில் நடவுக்கு நல்ல காலம் அக்டோபர், நவம்பர், மழைக்கு முன். அதற்குமுன் ஒரு சனிக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். சுவரிலிருந்து ஐந்தடிக்குள் இருக்கும் ஒவ்வொரு புதருக்குள்ளும் கையை விட்டுப் பாருங்கள். கை நிறையச் சருகு வந்தால், அது எவ்வளவு குறைவாகத் தண்ணீர் குடித்தாலும் அந்த வாரமே எடுத்துவிடுங்கள். பிடித்த செடியாக இருந்தால் முதலில் ஒரு பதியன் போட்டுக்கொள்ளுங்கள்.