நிறுத்தி வைத்த கார்

போட்டோ கையில் இருக்கும்போது அதைப் பார்த்து அப்படியே ஓவியம் தீட்டுவானேன்? நியாயமான கேள்விதான். இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவு வருகிறவர் ராபர்ட் பெக்டில் என்ற அமெரிக்க ஓவியர். போட்டோ ரியலிஸ்டுகள் என்று பெயர் பெற்ற கூட்டத்தின் முன்னோடிகளில் ஒருவர்.

1932-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பிறந்து, விரிகுடாவின் எதிர்க்கரையில் உள்ள அலமீடாவில் வளர்ந்தவர். அவர் படித்து வெளிவந்த காலத்தில் அந்தப் பிரதேசத்தில் ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற ஓவியரின் செல்வாக்கு அதிகம். இவர் கையிலும் அந்தப் பாணி ஒட்டிக்கொண்டது. அதை உதறுவதற்காக, எந்தப் பாணிக்கும் இடம் கொடுக்காத விஷயங்களைத் தேடினார். வெகுதூரம் போகவில்லை. வாசலில் நிற்கும் கார், வெயில், ஆளில்லாத தெருமுனை. இவை போதும் என்று தீர்மானித்தார்.

வண்ண ஸ்லைடு எடுப்பார். அதைக் கித்தான்மீது விழச் செய்து பென்சிலால் கோடிட்டுக்கொள்வார். பிறகு எண்ணெய் வர்ணம். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் காமிரா ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்விடுகிறது. இவரோ அந்தச் சிமிட்டலின் முன்னால் நாள் கணக்கில் உட்காருகிறார். யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பாராத பொருளுக்கு இவ்வளவு சிரத்தை!

கதை எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பழி உண்டு. 'நடந்ததை அப்படியே எழுதிவிட்டார்; கற்பனை எங்கே?' என்பார்கள். அப்படியே எழுத உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், அது எத்தனை பெரும்பாடு என்று.

நியூயார்க்கில் விட்னி கலைக்கூடத்தில் அவருடைய '61 பான்டியாக்' என்ற படம் இருக்கிறது. 1968-69-ல் தீட்டியது, 7 அடி அகலம். ஒரு ஸ்டேஷன் வாகன். அதன் முன்னால் ஓவியர், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள். ஆல்பத்தில் ஒட்டிவிட்டு மறந்துபோகிற காட்சி. அந்த இல்லறம் பின்னால் நிலைக்கவில்லை. நினைவைக் கரைக்கும் நோய் வந்து, 2020-ல், 88-ஆம் வயதில், அவரும் மறைந்தார். படத்தில் மட்டும் நால்வரும் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

போட்டோவும் அவர்களைக் காப்பாற்றி வைத்திருக்குமே என்பீர்கள். வைத்திருக்கும். ஆனால் இவர்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் நாள் கணக்காக உட்கார்ந்திருந்தான் என்பதைப் போட்டோ சொல்லாது.