தீவிலிருந்து தீவுக்கு – 3: ஒப்பாரிக் கோச்சி போன வழி

பதுளையில் ஏறிய கோச்சி தெமோதர வளையத்தைச் சுற்றி, எல்ல, பண்டாரவளை தாண்டி, பட்டிப்பொலையில் உச்சியைத் தொட்டு இறங்கியதைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். பொல்காவலையில் இறங்கி, கொழும்பிலிருந்து வந்த தலைமன்னார் இரவுக் கோச்சிக்கு மாறினோம். மாகோ, அநுராதபுரம், மதவாச்சி என்று நிலையங்கள் இருட்டில் கழிந்தன.

ஜன்னலோரம் இருந்த அத்தை கண்ணயரவே இல்லை. ஸ்பிரிங்வேலித் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளில் அவருடைய அக்கா குடும்பம் இதே தண்டவாளத்தில்தான் இந்தியாவுக்குப் போனது.

"பதுளை ஸ்டேசன் வரைக்குந்தான் நாங்க வந்து விட்டுட்டுப் போனோம் தம்பி. அதுக்கப்புறம் அக்கா எந்த வழியா போச்சுன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்."

கப்பலுக்கு ஆளேற்றிப் போன அந்த ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். பெட்டிக்குள் இருந்தவர்களும் மேடையில் நின்றவர்களும் இழவு வீட்டில் போலக் கட்டியழுத காலம் அது.

மன்னார்ப் பாலம் தாண்டினால் நாம் வேறொரு தீவில் இருக்கிறோம். மண் வெளுத்துவிடுகிறது. தேயிலைப் பச்சையில் பழகிய கண்ணுக்குப் பனையும் முள்மரமும் புதிதாகத் தெரிகின்றன. போரில் அழிந்த இந்த ரயில் பாதை இந்திய உதவியுடன் திருத்தப்பட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்டது. கடலோரத்தில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் பழைய இறங்குதுறையின் மிச்சமும் வெளிச்சவீடும் மீன்பிடிப் படகுகளும் இருக்கின்றன.

இங்கிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் இராமேஸ்வரத் தீவு, இந்தப் பக்கம் மன்னார்த் தீவு, நடுவே மணல் திட்டுகளின் வரிசை.  இவை மணலும் சுண்ணாம்புக்கல்லும் பவளமும் சேர்ந்த தாழ்ந்த நிலங்கள். திட்டுகளை ஒட்டிக் கடலின் ஆழம் மிகக் குறைவு. பெரிய கப்பல்களுக்கு அங்கே வழியில்லை.

ஆனாலும் இங்கே கப்பல் ஓடியது. 1914இல் பாம்பன் பாலமும் இந்தத் துறையும் திறக்கப்பட்டபின், சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக்கு வரலாம். அந்தச் சென்னை ரயிலுக்குப் போட் மெயில் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஊவாத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் திரட்டிய ஆட்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்துவிட்டு இந்தக் கப்பலில்தான் வந்தார்கள். அதற்கு முந்திய தலைமுறைகள் தோணியில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள். வழியிலேயே செத்து விழுந்தவர்கள் ஏராளம். அவர்களை நினைத்து 2023இல், மலையக மக்கள் வரலாற்றின் 200ஆவது ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது.

1964 மலையகத்தாரான எங்களுக்குக் கொடிய ஆண்டு. அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் எங்களைப் பங்கிட்டன. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. 'இராமானுஜம்' கப்பலில் எங்கள் உறவுகள் கடல் தாண்டிக் கூடலூர், கோத்தகிரி என்று சிதறினார்கள். அப்படிப் போனவர்கள் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல்.

1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் லயங்களிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டம் வர 2003 ஆயிற்று. கப்பல் ஓடியபோது குடும்பங்கள் பிரிந்தன. நின்றபோது, பிரிந்தவர்கள் மறுபடி பார்த்துக்கொள்ளும் எளிய வழியும் அடைபட்டது.

அத்தை கடலைப் பார்த்தபடி கேட்டார்: "இவ்வளவு கிட்டவா இருக்கு? இதுக்கா தம்பி இத்தன வருசம்?"

இதுபோல் கிட்டக் கிட்ட உள்ள தீவுகளான ஜாவாவுக்கும் பாலிக்கும் இடையே படகுகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அங்கே அது அன்றாடப் போக்குவரத்து. நமக்கு 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் பசறையிலோ மடுல்சீமையிலோ இருந்து புறப்படும் ஒரு கிழவிக்குக் காங்கேசன்துறை நாட்டின் மறுகோடி. எங்கள் பாட்டன்மார் வந்த வழி தலைமன்னார்.

2024 டிசம்பரில் டில்லியில் இரு நாட்டுத் தலைவர்களும் விடுத்த கூட்டறிக்கையில் இராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பலை விரைவில் தொடங்க முயல்வதாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். எங்களை அழைத்துவரவும் அனுப்பிவைக்கவும் ஓடிய கப்பல், இனி நாங்களாகவே சீட்டெடுத்துப் போய், உறவைப் பார்த்துத் திரும்பிவர ஓடட்டும். கூடலூரிலும் கோத்தகிரியிலும் காத்திருக்கும் அக்காமாருக்கும், பதுளையில் காத்திருக்கும் தங்கைமாருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

(தொடரும்)