எட்டு யூனிட் மருந்து

கள்ளக்குறிச்சியில் கால்நடை மருத்துவர் என்றால் ஆடு, மாடு, கோழி. கொஞ்ச காலமாக நாயும் பூனையும். ஆமையைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்குப் போக்கிடம் குறைவு. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மாலையில் நடத்தும் கிளினிக்கில் ஆமையும் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். "போட்டீங்கன்னா நாளைக்கு முதலையைக் கொண்டாந்து நிப்பாட்டிடுவாங்க."

அன்று மேஜைக்கு வந்தது சிவப்புக் காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும், சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். பயணிகளின் பெட்டியில் ஒளிந்து வந்து சென்னை, திருச்சி விமான நிலையங்களில் சுங்கத்துறையிடம் அடிக்கடி சிக்குவது இந்த இனம்தான். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர்களில் இப்போது வாஸ்துவுக்கு நல்லது என்று அதையே விற்கிறார்கள். வியாபாரத்துக்குப் பழமொழி ஒரு தடையா என்ன?

கொண்டுவந்தவர் மரச்சிற்பி. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழிலில் பரம்பரையாக இருப்பவர். ஆமை பேத்தியுடையது. பட்டறை வாசலில் பிளாஸ்டிக் அன்னக்கூடையில் கிடந்து வளர்ந்ததாம்.

மருத்துவர் ஆமையைக் கையில் எடுத்ததும் மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். அழுகல் கண்ணுக்குத் தெரியுமுன் வாசனையில் தெரிந்துவிடும் என்றார். பிறகு பேத்தியை அருகே கூப்பிட்டு ஓட்டைத் தொட்டுக் காட்டினார். முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான் ஓடு. அதன்மேல் கெரட்டின் தகடுகள், மேல் ஓட்டில் 38, அடி ஓட்டில் 12. உள்ளே ரத்த ஓட்டம் உண்டு, நரம்பு உண்டு. "தட்டினா அதுக்குத் தெரியும் பாப்பா. வலிச்சா சொல்லத்தான் தெரியாது."

வளரும் ஆமை தகட்டை உரிக்கும். தகட்டின் முழு வடிவத்தோடு, ஒளி ஊடுருவுகிற மெல்லிய ஏடாக உரிந்து, அடியில் புதுத்தகடு கெட்டியாக இருந்தால் கவலையே வேண்டாம். அதைப் பார்த்துப் பதறி ஓடிவருகிறவர்கள் ஒரு பக்கம். நிஜமான அழுகலை 'சட்டை உரிக்குது' என்று மாசக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் இன்னொரு பக்கம். சிற்பி இரண்டாம் வகை. இடப்பக்கத் தகடு ஒன்று வெளுத்து, ஓரம் தூக்கி, பஞ்சுக்குச்சியால் அழுத்தினால் அமுங்கியது. மருத்துவர் ஆமையைத் திருப்பினார். அடி ஓட்டின் இரண்டு தகடுகளுக்குக் கீழே இளஞ்சிவப்பு படர்ந்திருந்தது. கிருமி ரத்தத்தில் ஏறத் தொடங்கியதன் அடையாளம் அது. சிட்ரோபாக்டர் வகைக் கிருமிகள் அழுக்குத் தண்ணீரில் சும்மா இருப்பவை; ஓட்டில் ஒரு கீறல் கிடைத்தால் போதும்.

மரத்துப்போக ஊசி போட்டுக் காத்திருந்து, பல் மருத்துவர் கையில் பார்த்திருப்போமே, அந்தச் சின்னச் சுரண்டியை எடுத்தார். தூக்கிய ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல, மெல்ல. ஊர்வனவற்றின் சீழ் ஒழுகுவதில்லை, கெட்டிப்பட்டுப் போகும். மஞ்சளாகத் துணுக்குத் துணுக்காக வந்தது. ஓரமாக நின்ற சிற்பி தன்னையறியாமல் மேஜைமேல் குனிந்துவிட்டார். "செல்லரிச்ச மரத்தையும் இப்படித்தான் சார் பாப்போம். கெட்டது உளிக்குத் தூளா வரும். நல்ல மரத்தைத் தொட்டா சத்தம் மாறிடும்."

"அதேதாண்ணே. ஆனா இது ரத்தம் விடும். எங்க ரத்தம் பொட்டு வைக்குதோ அங்க கையை எடுத்துடணும்."

நான் கவனித்ததும் அந்தக் கையை எடுக்கிற இடத்தைத்தான். இன்னும் கொஞ்சம் சுரண்டினால் சுத்தமாகிவிடும் என்று எனக்கே தோன்றியபோது அவர் நிறுத்திவிட்டார். நீர்த்த குளோர்ஹெக்சிடின் கரைசலால் கழுவி, தீக்காயத்துக்குப் போடுகிற வெள்ளிச்சத்துக் களிம்பைத் தடவினார்.

அடுத்தது ஊசி. ஆமையின் எடை 400 கிராம். செஃப்டாசிடிம் மருந்து கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கு, ஆக இதற்கு 8 மில்லிகிராம். ஒரு கிராம் குப்பியை 10 மில்லியாகக் கரைத்தால் 0.08 மில்லி. 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் எட்டு யூனிட். 40 யூனிட் சிரிஞ்சை மாற்றி எடுத்துவிட்டால் அதே எட்டு, இரண்டரை மடங்கு மருந்தாகிவிடும். அதனால் அந்தச் சிரிஞ்சுகளை அறையிலேயே வைப்பதில்லை. ஊசி எப்போதும் முன்னங்காலில். பின்னங்காலிலிருந்து வரும் ரத்தம் முதலில் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடியது. ஆமை உடம்பு மருந்தை நிதானமாகத்தான் வெளியேற்றும் என்பதால் அடுத்த ஊசி 72 மணி நேரம் கழித்து. மிச்ச மருந்தை அளவளவாகச் சிரிஞ்சுகளில் ஏற்றி ஃப்ரீசரில் வைத்தார். பக்கத்திலேயே கோழித் தடுப்பூசி.

வீட்டு வேலை இனிமேல்தான். பகல் முழுக்க ஆமை உலர்ந்த தொட்டியில், துணி விரிப்பில் இருக்க வேண்டும். தண்ணீருக்குள்தான் அது விழுங்கும் என்பதால் தினமும் ஒரு மணி நேரம் சுத்தத் தண்ணீரில் விட்டுத் தீனி. பிறகு துடைத்துக் களிம்பு. தொட்டிக்குமேல் கொசுவலை கட்டாயம், ஈ உட்கார்ந்தால் புண்ணில் புழு வைத்துவிடும். காலை வெயில் நேராகப் படவேண்டும். ஜன்னல் கண்ணாடி, ஓட்டுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். பாதித் தொட்டியில் நிழல் இல்லாவிட்டால் நம் ஊர் வெயில் ஆமையைக் கொன்றுவிடும். வெறும் காய்ந்த கூனிப்பொடி போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் ஓடு முழுதும் நெகிழும், அது வேறு வியாதி. புண் ஆற மாதங்கள் ஆகும்.

மாடியிலிருந்து விழுந்து ஓடு விரிந்த ஓர் ஆமைக்கு வீட்டுக்காரரே எம்சீல் வைத்து அடைத்துக் கொண்டுவந்த கதையையும் சொன்னார். மேலே வழவழவென்று இருந்ததாம். பெயர்த்தால் உள்ளே முழுக்கச் சீழ். விரிசலை அடைப்பது கடைசி வேலை, கிருமி போன பிறகு.

இன்னொரு நாள் அவரோடு கல்வராயன் மலை ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே, கரியாலூர் வழியாக வெள்ளிமலை. அங்கே ஓர் ஆசிரியர் வீட்டுச் சிவப்புக் காது ஆமை தீனி எடுக்கவில்லை. மார்கழிக் குளிர். தொட்டியில் வெப்பமானியை விட்டார்: 19 டிகிரி. இந்த ஆமைக்குத் தண்ணீர் 24க்குக் குறையக் கூடாது, வெயில் காயும் இடம் 30க்கு மேல் வேண்டும். உடம்பு குளிர்ந்தால் அதன் எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிடும். கள்ளக்குறிச்சியில் அழுக்குத் தண்ணீர் செய்கிற வேலையை மலையில் குளிர் செய்கிறது. ஓட்டின் விளிம்பில் இரண்டு குழிகள், ஆழமில்லை. சுரண்டாமலே விட்டார்.

"பேசாம கோமுகியில விட்டுடட்டுங்களா சார்?" என்றார் ஆசிரியர்.

மருத்துவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது இந்த ஆமை. நம் ஏரிகளில் இருக்கும் பாலாமையின் தீனிக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டிக்கு வரும், நோயையும் கொண்டுபோகும். பாலாமையை வீட்டில் வைத்தாலே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சிவப்புக் காது ஆமையை வாங்கவோ வண்ணமீன் கடைக்குப் போனால் போதும். எனக்கு இதில் எரிச்சல் கடைக்காரர்மேல்தான். ரெண்டு வருஷம் இருக்கும் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். நன்றாக வைத்துக்கொண்டால் 30 வருஷம் இருக்கும்.

ஆசிரியரின் மனைவி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். அவர்களுடைய கடைசிப் பையனுக்கு ஒன்பது வயது.

மருத்துவர் தொட்டியை ஜாணால் அளந்துவிட்டு, 50 வாட் ஹீட்டர் போதும், கண்ணாடி உடையாதபடி கம்பிக்கூண்டு போட்டது வாங்குங்கள் என்று எழுதிக்கொடுத்தார். ராத்திரியில் கரண்ட் போனால்? தண்ணீரை நிறைய வையுங்கள், நிறைய இருந்தால் சீக்கிரம் ஆறாது. சுற்றிலும் சாக்கு கட்டுங்கள் என்றார். ஆசிரியர் சாக்கு தேடி உள்ளே போனார்.