எழுபது மில்லிமீட்டர்

2025 ஆகஸ்டில், கஸகஸ்தானின் ஷிம்கென்ட் நகரில் நடந்த ஆசியத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பண்டாரவளை நண்பர் சொன்னார்: "தெமோதரையில நம்ம தையல்காரர் பேத்தியும் சுடுது. கொழும்புல படிக்கிற பிள்ளை. முதல் போட்டி வருதாம். சுடும்போது போடுற கோட்டைத் தாத்தாதான் பிரிச்சுத் தைக்கிறாரு." பிள்ளையைவிட அந்தக் கோட்டுதான் என்னை இழுத்தது.

தெமோதரைக்கு வருகிறவர்கள் ஒன்பது வளைவுப் பாலத்தில் படமெடுப்பார்கள், ரயில் சுற்றி வளைந்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைவதைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். கடைவீதிக்குள் யாரும் வருவதில்லை. தையல்காரருக்கும் இப்போது வேலை குறைவுதான். பதுளையிலிருந்து ரெடிமேட் ஏறி வருகிறது. வருஷத் தொடக்கத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்ம், மற்ற நாளில் படங்கு, கிழிந்த பை.

மேசைமேல் கிடந்த கோட்டு விறைத்து, ஆள் இல்லாமலே நிற்கும்போல் இருந்தது. கான்வாஸும் தோலும். கிளப்பில் உயரமான அக்கா ஒருத்தி கொடுத்த பழசு. துவக்கு கிளப்புடையது. போட்டித் தரத் துவக்கு இரண்டாயிரம் யூரோவைத் தாண்டும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில், அதுவும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழாமல், ஐந்நூறு நாளுக்கு மேல் கொழுந்தெடுத்தால் வாங்கலாம், சாப்பிடாமல் இருந்தால். பழைய கோட்டுக்கே ஒரு தரகர் சொன்ன விலையைக் கேட்டு பிள்ளையின் அம்மா போனை வைத்துவிட்டாராம். வெளிநாட்டில் யாரோ கழற்றிப் போட்டதைக் கைமாற்றுகிறவன் காசு பார்க்கிறான். அதை உடம்புக்குப் பொருத்துகிறவர் கூலி கேட்கவே கூச்சப்படுகிறார். மலையகத்தில் எந்தத் தொழிலைத் தொட்டாலும் இந்தக் கணக்குத்தான் வருகிறது.

பத்து மீட்டர் ஏர் ரைபிளில் நின்றபடி எழுபத்தைந்து நிமிடத்தில் அறுபது குண்டு. துவக்கின் எடை ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். பத்து மீட்டர் தூரத்தில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். நெஞ்சு துடித்தாலே குழல் அசையும் என்பதால்தான் இந்த விறைப்பு. மூச்சு, குறி, விசை பற்றிப் பிள்ளை சொன்னதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே பிரிவில் சுட்ட இலங்கையின் தெஹானி எகொடவெல பெயர் வந்தபோது மட்டும் அவள் குரல் உயர்ந்தது.

தாத்தா கான்வாஸ் தைக்கக் கற்றது இளவயதில், தியத்தலாவை முகாம் பக்கத்துக் கடையொன்றில். 1900இல் போயர் போர்க் கைதிகளை அடைத்துவைத்த ஊர் அது. இன்றும் இராணுவத்தின் ஊர். கூடாரம் ஒட்டுவதும் பை தைப்பதுமாகப் பல வருஷம். "சிங்கர் மெஷின் இதுக்குள்ள போகாது தம்பி. பதினெட்டாம் நம்பர் ஊசியே முறிஞ்சிருச்சு." அதனால் குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நூலைக் கையால் இழுக்கிறார். விரலில் ரப்பர் சுற்றியிருந்தார்.

அவருக்கு எரிச்சல் விதிகளில். வாழ்நாள் முழுக்க உடம்போடு ஒட்டத் தைத்தவரிடம், ஒட்டக் கூடாது என்கிறார்கள். துணி இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. உள்ளே அட்டை, பட்டி எதுவும் கூடாது. பொத்தான் பூட்டும் இடத்தைத் தாண்டி, கோட்டின் முன்பக்கம் இன்னும் எழுபது மில்லிமீட்டர் இழுபட வேண்டும். போட்டியில் அதை ஆறிலிருந்து எட்டுக் கிலோ இழுவையில் ஒரு கருவி வைத்துப் பார்ப்பார்கள். தவறினால் அந்தக் கோட்டோடு சுட விடமாட்டார்கள்.

கருவிக்கு எங்கே போவது? தோட்டத்தில் கழித்துப் போட்ட கொழுந்துத் தராசு ஒன்றை வைத்திருந்தார். பேத்தி கோட்டைப் போட்டு நிற்க, தராசுக் கொக்கியைப் பொத்தான் துளையில் மாட்டி முள் ஏழைத் தொடும்வரை இழுத்தார். "நம்ம கொழுந்தைக் குறைச்சு நிறுத்த தராசு, பேத்திக்காவது சரியா நிக்கட்டும்" என்று சிரித்தார். பேத்தி அடிமட்டத்தை வைத்தாள். அறுபத்திரண்டு.

"எட்டுக் குறையுது தாத்தா."

"பொத்தானை விளிம்புப் பக்கம் தள்ளிட்டாச் சரி."

"தள்ளினா லூசாயிருமே. தோள் ஆடும்."

"ஆடட்டும். தோளை நீ பாத்துக்க, பொத்தானை நான் பாத்துக்கிறேன்."

கோட்டைக் கழற்றி வாங்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பொத்தான்கள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன. அடுத்து முழங்கைத் தோலையும் பிரிக்க வேண்டும் என்றாள் பிள்ளை. அதற்கு ரெண்டு நாள் கூடுதலாகக் கேட்டார்.