ஒரகடத்துல இருந்து மதுரை எவ்வளவு தூரம்?

"மதுரைக்கு என்னப்பா, ஃப்ளைட்ல ஒண்ணேகால் மணி நேரம்தானே"ன்னு சொல்ற நண்பர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே :-)

சென்னை, மதுரை விமான நிலையங்களோட அட்சரேகை, தீர்க்கரேகையை வெச்சு, பூமி உருண்டைங்கறதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா நேர்தூரம் சுமார் 420 கிலோமீட்டர். ஏடிஆர் மாதிரி புரொப்பெல்லர் விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிமீ வேகத்துல பறக்கும். வகுத்தா 50 நிமிஷம். அப்புறம் ஏன் டிக்கெட்ல ஒண்ணேகால் மணி நேரம்னு போடுறாங்க? அது பறக்குற நேரம் மட்டும் இல்லை. இங்க நின்ன இடத்தை விட்டு நகர்ந்ததுல இருந்து அங்க போய் நிக்கிற வரைக்கும் உள்ள நேரம். ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போறது, வரிசைல காத்திருக்கிறது, மெதுவா மேலேறுறது, இறங்குறதுக்கு வளைஞ்சு வர்றது எல்லாம் அதுல அடக்கம்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். நான் பொட்டி தட்டுறது ஒரகடத்துல. வீடு உசிலம்பட்டி பக்கம். மதுரை இருக்கிறது தெற்கே, ஆனா விமானம் பிடிக்கப் படப்பை, வண்டலூர், தாம்பரம்னு எதிர்த்திசையில போகணும். ஷிப்ட் விடுற நேரத்துல கம்பெனி பஸ், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல அது ஒன்றரை மணி நேரம். கவுண்டர் மூடுறதுக்கு முன்னாடி இருக்கணும்னு இன்னொரு ஒன்றரை. அந்தப் பக்கம் இறங்கி, பெட்டி எடுத்து, வீடு போய்ச்சேர ரெண்டு. ஆக மொத்தம் ஆறேகால் மணி நேரம். பறந்தது 50 நிமிஷம்!

போன வருஷம் ராத்திரி 10 மணிக்கு தம்பி போன் பண்ணினான், அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு. ஃப்ளைட் இனி காலைலதான். சிங்கப்பெருமாள் கோயில் போய், தெற்கே போற பஸ்ஸை கைகாட்டி ஏறிட்டேன். எட்டரைக்கெல்லாம் மதுரை ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தேன். அப்பா கண்ணு முழிச்சுக் கேட்ட முதல் கேள்வி, "ஏரோப்ளேன்லயாடா வந்த? காசு அம்புட்டு ஆயிருக்குமே". இப்போ நல்லா இருக்கார்.

அன்னிக்குப் புரிஞ்சது, வானத்துல எவ்வளவு நேரங்கறது பெரிய விஷயமே இல்லை. அடுத்த வண்டி எப்போ, அது நிக்கிற இடம் எவ்வளவு தூரம், இது ரெண்டும்தான் கணக்கு.

2022-ல பரந்தூர்ல சென்னையோட ரெண்டாவது விமான நிலையம்னு அறிவிச்சாங்க. எங்க காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே. வந்தா ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆளுங்களுக்குத் தாம்பரம் நெரிசல் மிச்சம். ஆபீஸ்ல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனா அந்த இடத்துல ஏகனாபுரம்னு ஒரு ஊர் இருக்கு. வயலையும் வீட்டையும் விடமாட்டோம்னு அந்த வருஷத்துல இருந்தே அங்க போராட்டம். நான் ஊருக்குப் போற நேரம் கொஞ்சம் குறையுறதுக்கு, அவங்களுக்குப் போறதுக்கு ஊரே இல்லாம ஆகும்.

இந்தக் கணக்கை எப்படிப் போடுறதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்கு என்ன தோணுது?