ஓரத்தில் ஒரு முக்கோணம்

பழைய படம் தேடுகிறவர்கள் பொட்டியைத்தான் விசாரிப்பார்கள். "அந்த டாக்கீஸை எப்ப மூடுனாங்க? பொட்டியெல்லாம் எங்க போச்சு?" என்று, மதுரையில் என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்த அண்ணன் டீக்கடையிலும் கேட்டார், பூட்டிக் கிடந்த கொட்டகையின் காவலாளியிடமும் கேட்டார். படச்சுருள்களைச் சுமந்து ஊர் ஊராகப் போன தகரப் பெட்டிக்கு அதுதான் பெயர். பொட்டி வந்தால்தான் ஆட்டம். 2010களில் டிஜிட்டல் முழுதாக வந்து ஃபிலிம் நின்றுபோனதும் பொட்டிகள் காயலான் கடைக்குப் போயின. பரணுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போயின. அண்ணன் முன்பு ஆபரேட்டர். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய கை. வேலை போன பிறகு, கைக்காசைப் போட்டு இப்படித் தேடிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த வீடு, ஒரு காலத்தில் மதுரை ஏரியா உரிமை வாங்கிப் படம் விட்ட குடும்பத்துடையது. பெரியவர் காலமாகிவிட்டார். பேரன் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். "எடைக்குப் போட ஆள் சொல்லியாச்சு மாமா. நல்லவேளை, அதுக்குள்ள வந்தீங்க" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே மாடி அறையைத் திறந்துவிட்டார்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நல்ல வெயில். கதவு திறந்ததும் வினிகர் நெடி முகத்தில் அடித்தது, கண் எரிந்தது. அண்ணன் உள்ளே காலை வைக்கவில்லை. ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காற்று ஒரு சுற்று வந்து போன பிறகுதான் டப்பாக்களைத் தொடுவாராம்.

அந்த நெடிக்குக் காரணம் உண்டு. 1950களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்துக்கு வந்த ஃபிலிம், அசிட்டேட் என்ற பொருளால் ஆனது. வெப்பமும் ஈரமும் பட்டால் அது சிதைந்து அமிலத்தைக் கக்கும். கக்கிய அமிலமே சிதைவை இன்னும் விரைவுபடுத்தும். பக்கத்து டப்பாவையும் பிடித்துக்கொள்ளும். ஃபிலிம் சுருங்கும், நெளியும், ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பல்லுக்கு ஒத்துவராமல் போகும். ஒருமுறை தொடங்கிவிட்டால் திருப்ப முடியாது. குளிரிலும் உலர்ந்த காற்றிலும் வைத்தால் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். நம் ஊர் மாடி அறைகள் அதற்கு நேர் எதிரானவை.

அசிட்டேட்டுக்கு முந்தியது நைட்ரேட். அது இன்னொரு வகைச் சங்கடம். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்ளும் பொருள் அது. தண்ணீரில் போட்டாலும் அணையாது. புனேயில் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தின் கிடங்கில் 2003 ஜனவரியில் பிடித்த தீயில் எரிந்தவை இந்த வகைச் சுருள்கள்தாம். பழுப்பு நிறத்தில் பொடியாகிக் கொட்டும் சுருள் கண்ணில் பட்டால் அண்ணன் அதைக் காருக்குள் ஏற்றவே மாட்டார்.

டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த பெயர்களை நான் ஆவலோடு குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "மேல எழுதியிருக்கறத நம்பாதீங்க தம்பி. டப்பா ஒரு படத்தோடது, உள்ள இருக்கற ரீல் இன்னொரு படத்தோடது. ஆபீஸ்ல எது கைக்குச் சிக்குதோ அதுல போட்டு மூடிருவாங்க." மூடிகளைத் திறந்து பார்த்தபோது சில சுருள்கள் கருப்பட்டி வட்டு மாதிரி இறுகிப்போயிருந்தன. மற்றவற்றை நிழலில் அடுக்கினோம்.

இந்தியாவில் எடுத்த மௌனப் படங்கள் ஆயிரத்துக்கும் மேல். முழுதாகவோ துண்டாகவோ மிஞ்சியவை முப்பதைத் தொடாது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான, நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இல்லை. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' இல்லை. அதே ஆண்டு, 1931இல், அக்டோபர் 31 அன்று வெளியான, தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' இல்லை. பம்பாயிலிருந்து 'காளிதாஸ்' பொட்டி சென்னைக்கு ரயிலில் வந்தபோது, ஸ்டேஷனிலிருந்து கினிமா சென்ட்ரல் வரை ஜனங்கள் பின்தொடர்ந்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியதாகச் சொல்வார்கள். அப்படி வரவேற்ற பொட்டியில் ஓர் அடி ஃபிலிம்கூட நம்மிடம் இல்லை. பாட்டுப் புத்தகமும் பத்திரிகை எழுத்தும்தான் மிச்சம். அந்தப் படத்தின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி 1936இல் தானே இயக்கிய 'மிஸ் கமலா'வும் போய்விட்டது. தமிழில் முதன்முதலாக ஒரு பெண் இயக்கிய படம் அது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் ஆறாத இழப்பு.

எப்படிப் போயின? தீயும் ஈரமும் பாதிதான். மீதியை நாமே அழித்தோம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த பிரிண்டைக் கழுவி வெள்ளி எடுப்பதற்கென்றே வாங்கிப் போனார்கள். கழுவிய ஃபிலிம் வளையலாகக்கூட மாறியது. ஏரியா உரிமைக் காலம் முடிந்தால் விநியோகஸ்தருக்கு அந்தப் பிரிண்டால் ஒரு பயனும் கிடையாது. தியேட்டர் வாசலில் பொறுக்கிய ஃபிலிம் துண்டை, தண்ணீர் நிரப்பிய பல்பை லென்ஸாக வைத்து, கண்ணாடியில் வாங்கிய வெயிலால் வேட்டித் திரையில் விழச் செய்து படம் காட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தத் துண்டுகள் ஏதோ ஒரு ரீலில் இருந்து அறுந்தவைதான். புத்தகம் அச்சிட்டால் தேசிய நூலகத்துக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954இலேயே சட்டம் வந்தது. சினிமாவுக்கு அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. சட்டம் இருந்திருந்தால் இன்று மாடி மாடியாக ஏற வேண்டியதில்லை.

இந்த வேலையின் ஆதி மனிதர் பி.கே. நாயர். 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கிய காலத்திலிருந்து உழைத்தவர். நாசிக்கில் இயக்குநர் பால்கேயின் குடும்பத்தாரிடம் இருந்த துண்டுகளைக் கொண்டுவந்து 1919இன் 'காளிய மர்தன'த்தை ஒட்டி உருவாக்கினார். 'மார்த்தாண்ட வர்மா'வின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளியான மௌனப் படம். படத்துக்கு மூலமான நாவலின் உரிமையை வைத்திருந்த திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் வழக்குப் போட்டது. படம் நின்றது, சுருள்கள் அந்த நிறுவனத்தின் வசமாயின. 1974இல் காப்பகத்துக்கு அவை கிடைத்தன. படத்தை முடக்கிய வழக்கே அதைக் காப்பாற்றியும் கொடுத்தது. தியேட்டர் தியேட்டராக ஓடியிருந்தால் தேய்ந்து, கிழிந்து, கடைசியில் வெள்ளிக்குப் போயிருக்கும்.

மதுரை டப்பாக்கள் சென்னை சாலிகிராமத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்னறைக்கு வந்தன. அங்கே உட்கார்ந்திருக்கும் அக்கா, சென்னை லேப் ஒன்றில் நெகட்டிவ் கட்டிங் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். லேப் மூடியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில காலம் தையல் வேலை செய்தாராம். அண்ணன்தான் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். தேடிக் கண்டுபிடித்தவற்றில் உருப்படியானது அக்காதான் என்று அண்ணன் சொன்னது உண்மை என்று, அவர் கையைப் பார்த்த பிறகு தெரிந்தது.

மேஜையின் இரு பக்கமும் சுற்றும் கைப்பிடிகள். நடுவில் அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடிப் பலகை. ஒரு பூதக்கண்ணாடி, அடி எண்ணும் கருவி, பருத்திக் கையுறை. அக்கா வலது கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஃபிலிமின் இரண்டு ஓரங்களும் வழுக்கிக்கொண்டு போயின. கண் பலகையில் இல்லை, என் பக்கம் இருந்தது. என்னிடம் பேசிக்கொண்டே டக்கென்று நிறுத்தினார். நான் குனிந்து பார்த்தேன். ஒரு துளையின் மூலை மயிரிழை அளவுக்குக் கிழிந்திருந்தது.

"விரலுக்குத்தான் தம்பி முதல்ல தெரியும். கண்ணுக்கு அப்புறம்தான்."

கிழிசலை ஒட்டினார். இன்னும் சற்றுத் தள்ளி ஒரு பழைய ஒட்டு காய்ந்து வாய் பிளந்திருந்தது. அதைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிதாக ஃபிலிம் சிமெண்ட் தடவி, அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு ரீல் ஏறத்தாழ ஆயிரம் அடி. ஓடினால் பதினோரு நிமிடம். அக்காவின் மேஜையில் அதற்கு அரை நாள் போகும்.

படம் எது என்று கண்டுபிடிப்பது அதற்குப் பிறகு. முதல் ரீலின் தலைப்பில் தணிக்கைச் சான்றிதழ் இருக்கும். பெயர், நீளம், ஆண்டு எல்லாம் அதில் கிடைக்கும். ஆனால் புரொஜெக்டரில் மாட்டும்போது அதிகம் அடிபடுவது ரீலின் தலையும் வாலும். தேய்ந்து அறுந்து முதலில் போவது அந்தச் சான்றிதழ்தான். அப்போது அக்கா ஓரத்தைப் படிப்பார்.

கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னச் சின்னக் குறிகள் உண்டு. அந்த ஃபிலிம் தயாரான ஆண்டை அவை சொல்லும். இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பி வரும். அக்கா பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். துளைகளுக்கு வெளியே, ஓரத்தை ஒட்டி, ஒற்றை முக்கோணம்.

"முக்கோணம்னா 1918, 38, 58, 78. இப்ப நீங்க சொல்லுங்க, எது?"

நான் விழித்தேன். அவர் விரலை நகர்த்தினார். படச் சட்டத்தின் பக்கவாட்டில் வளைந்து வளைந்து ஓடியது ஒலிக்கோடு. ஒலி இருக்கிறது என்றால் 1918 அடிபட்டுப்போகிறது. இன்னும் கொஞ்சம் சுற்றினார். ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் எழுத்து. 1938இல் நம் தியேட்டர்களில் ஓடிய ஃபிலிம் நைட்ரேட், ஆகவே 1958, இல்லாவிட்டால் 78. அதோடு முடியவில்லை. நெகட்டிவின் ஓரத்தில் இருந்த குறியும் பிரிண்டில் இறங்கிவிடும். குறி கறுப்பாக இருந்தால் பிரிண்ட் ஃபிலிமுடையது, வெள்ளையாகத் தெரிந்தால் நெகட்டிவிலிருந்து வந்தது. ஆக, படம் எடுத்த காலத்தையும் பிரிண்ட் போட்ட காலத்தையும் தனித்தனியே பிரிக்கலாம். எங்களுடையது கறுப்பு.

சட்டத்துக்குள் ஒரு புராண நாயகி ஊஞ்சலில் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டின் முதல் சொற்களை ஒலிக்கோட்டிலிருந்து எடுத்து, அண்ணன் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுப் புத்தகங்களில் புரட்டினோம். ரோஜா முத்தையா போன்ற சேகரிப்பாளர்கள் இந்தப் புத்தகங்களையும் சேர்த்துவைத்ததால்தான், போன படங்களின் கதைச்சுருக்கமாவது நமக்கு எஞ்சியது. அரைமணி நேரத்தில் படம் கிடைத்தது. டி.வி.யில் எல்லோரும் பார்த்த படம்தான். அண்ணன் முகம் விழவில்லை. டி.வி.யில் வரும் பிரதியில் இந்த ஊஞ்சல் பாட்டு கிடையாது என்றார். நீளம் குறைக்க யாரோ எப்போதோ வெட்டியிருக்கிறார்கள். இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் படங்களுக்குள்ளும் இப்படித் தொலைந்த அடிகள் உண்டு. தொலைந்ததென்றே தெரியாததால் அவற்றை யாரும் தேடுவதில்லை.

அக்காவைப் போல லேப்களில் விரலால் படித்தவர்கள் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஸ்கேனர் விலைக்குக் கிடைக்கும். சுருங்கிய ஃபிலிமை அதில் ஏற்றலாமா வேண்டாமா என்று சொல்லும் விரல் கிடைக்காது. 2014இல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் ஆண்டுதோறும் பயிலரங்கு நடத்துகிறது, 2017இல் சென்னையிலும் நடத்தியது. நல்ல காரியம். ஆனால் பயின்றவர்கள் தினமும் உட்கார மேஜையும் மாதச் சம்பளமும் வேண்டும். அதைத் தமிழ்நாட்டில் அரசுதான் செய்ய முடியும். சினிமாத் தகவல்களைச் சேர்த்துவைத்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் தொகுப்பை வாங்கிக்கொண்ட அரசு, சுருள்களுக்கென்று குளிர்க்கிடங்கு கொண்ட ஒரு காப்பகத்தையும் கட்டலாம். அக்கா போன்றவர்கள் வேலைக்கு வரக்கூடிய வயதில் இருக்கும்போதே கட்ட வேண்டும்.

அக்காவின் பக்கத்தில் கல்லூரி முடித்த ஒரு பெண் அமர்ந்து பழகிக்கொண்டிருந்தாள். ஊஞ்சல் ரீலை டப்பாவில் வைத்து, அடிக்கணக்கு, சுருக்கம், ஒட்டுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அட்டையில் எழுதி முடித்ததும் அடுத்த டப்பாவை அவளே திறந்தாள். கொஞ்ச நேரம் சுற்றினாள்.

"அக்கா, இது வட்டம். 56."

"36ஆ இருக்கக் கூடாதா?"

"சேஃப்டின்னு போட்டிருக்கே. எப்படி 36 ஆகும்?"

"குறி கறுப்பா வெள்ளையா, அதைப் பாத்தியா?"

அவள் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தாள்.