சுவருக்குள் ஒரு வழி

மட்டக்களப்புப் பகுதியில் ஒருவன் வீடு கட்டுகிறான் என்றால், அவன் தனக்காகக் கட்டுகிறான் என்று வெளியூரார் எண்ணிவிடுதல் கூடாது. இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. பெண்ணைப் பெற்றவன் அவள் பெயரால் ஒரு வீட்டை எழுப்பி, மணமாகும் காலத்தில் அதனை அவளிடம் ஒப்படைப்பது இன்றும் வழக்காய் இருக்கிறது. மருமகன் அந்த வீட்டுக்கு வருவான். ஆகவே, கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சிறு வளவு ஒன்றிலே நான் இப்பொழுது கட்டிவரும் வீடு என்னுடையது அன்று. பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் என் மூத்த மகளுடையது. நான் அதற்கு மேற்பார்வையாளன் மாத்திரமே.

கதவுக்கு எந்த மரம், கூரைக்கு ஓடா சீற்றா என்பவை எல்லாம் இரண்டொரு நாளில் தீர்ந்துபோயின. பல நாள் என்னை யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். கொம்பியூட்டருக்கும் ரெலிவிஷனுக்கும் செய்தியைக் கொண்டுவரும் கம்பிகளைச் சுவருக்குள்ளே எவ்வாறு அமைப்பது என்பதுதான் அது.

“ஏன் சேர் வீண் செலவு? இப்ப எல்லாம் காத்திலதானே வருது. ஒரு ரவுட்டரைக் கொளுவி விட்டாச் சரி” என்றார் வயரிங் வேலைக்கு வந்த தம்பி.

அவர் கூற்றில் பாதி உண்மை உண்டு. கையிலே கொண்டு திரியும் தொலைபேசிக்குக் காற்றே போதும். ஆனால் வைஃபை அலை ஒவ்வொரு சுவரைக் கடக்கும்போதும் வலிமை குன்றுகிறது. கம்பி கட்டிய கொங்கிறீற்றைக் கடக்கும்போது இன்னும் குன்றுகிறது. அன்றியும், ஒரே ரவுட்டரை நம்பிய கருவிகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்தே பேசவேண்டும். 2020 பங்குனியில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் வீட்டுக்கு வந்தபோது இதனை நாங்கள் அனுபவித்து அறிந்தோம். நான் சாப்பாட்டு மேசையிலிருந்து படிப்பிப்பேன். அதே வேளையில் பிள்ளைகள் இருவரும் தத்தம் வகுப்புகளில் இருப்பர். பின்னறையில் இருந்த மூத்தவளுக்கு ஆசிரியரின் முகம் பாதி வார்த்தையில் உறைந்து நிற்கும். அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு நடைவழியிலே வந்து குந்திவிடுவாள். நாட்டின் மலைக்கிராமங்களில் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறி நின்று படித்த பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தபோது, எங்கள் துன்பம் சிறிதென்று பட்டது. ஆயினும் நடைவழியிலே குந்தியிருந்த அந்தப் பிள்ளையை நான் மறக்கவில்லை.

நாங்கள் இன்று குடியிருப்பது என் மனைவிக்கு அவள் பெற்றோர் கொடுத்த வீடு. அதன் சுவர்களை ஒரு சரித்திரப் புத்தகமாகவே படிக்கலாம். இலங்கை வானொலியைக் கேட்பதற்காக மனைவியின் பாட்டனார் இரண்டு தென்னைகளுக்கிடையே ஏரியல் கம்பி கட்டினாராம்; அது உள்ளே வந்த ஓட்டை முன்சன்னலின் சட்டத்திலே இருக்கிறது. 1978 கார்த்திகைச் சூறாவளியிலே தென்னைகள் விழுந்துவிட்டன, ஓட்டை விழவில்லை. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய சில ஆண்டுகளின் பின் மாமா ரெலிவிஷன் வாங்கினார். அன்ரெனா வயருக்காக இரண்டாவது ஓட்டை. பின்பு தொலைபேசிக்கு மூன்றாவது. கண்ணாடி நூலாகிய பைபர் வந்தபோது நான்காவது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கம்பியே கடைசிக் கம்பி என்று நம்பிச் சுவரை உடைத்திருக்கிறது.

ஆதலால் என் முதல் முடிவு கம்பியைப் பற்றியதன்று, குழாயைப் பற்றியது. ஒவ்வோர் அறைக்கும் 25 மில்லிமீற்றர் பிவிசி குழாய் ஒன்று தனியாகச் செல்லவேண்டும். குழாய் திரும்புமிடத்திலே கூரிய மூலை கூடாது, பெருவளைவாகத் திரும்பவேண்டும். உள்ளே ஒரு நைலோன் கயிற்றை விட்டுவைக்கவேண்டும். இருபது ஆண்டின் பின் எந்தக் கம்பி வரும் என்பதை நான் அறியேன். மகள் அந்தக் கயிற்றிலே புதியதைக் கட்டிப் பழையதை உருவிக்கொள்ளலாம். குழாய்களுக்கான செலவு, சாமி அறை நிலைக்கதவின் விலையிலும் குறைவாகவே வந்தது. இந்த ஒரு கணக்கிலேதான் என் மனைவி சமாதானமடைந்தாள்.

அடுத்தது, எல்லாக் குழாய்களும் ஓரிடத்தில் வந்து கூடவேண்டும் என்பது. மின்சாரக் கம்பியை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கிளையாக இழுக்கலாம், வயலுக்கு வாய்க்கால் வெட்டுவதுபோல. செய்திக் கம்பிக்கு அது ஒவ்வாது. யாழின் நரம்புகளைப் போல ஒவ்வொன்றும் தன் தொடக்கமும் முடிவும் உடையதாய், நடுவிலே ஒட்டுப்போடப்படாததாய் இருத்தல் வேண்டும். (காரைதீவிலே பிறந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகளின் மண்ணில் இந்த உவமையை விட எனக்கு மனம் வரவில்லை.) ஆறு இடங்களுக்கு இவ்விரண்டாகப் பன்னிரண்டு கம்பிகள், சராசரி 16 மீற்றர் வீதம் 192 மீற்றர். இந்தக் கேபிள் 305 மீற்றர்ப் பெட்டியாக விற்கப்படுவதால், ஒரு பெட்டி வாங்கினாலே மிச்சம் இருக்கும். ஒரு கம்பியின் நீளம் 100 மீற்றருக்கு மேற்படலாகாது என்பது விதி. நம் வீடுகளுக்கு அந்தக் கவலை இல்லை.

கடைவழக்கிலே ‘கற் சிக்ஸ்’ எனப்படும் இந்தக் கேபிளை உரித்துப் பார்த்தால் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, நான்கு சோடியாக இருக்கும். கயிறு திரிப்பது வலிமைக்காக. இதைத் திரிப்பது அமைதிக்காக. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் முறுக்கிய இரு கம்பிகளிலும் ஒரே அளவாக விழுகிறது. மறுமுனையில் இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை மாத்திரமே கருவி எடுத்துக்கொள்வதால், இரைச்சல் கழிந்து செய்தி எஞ்சுகிறது. தொலைபேசிக்காக இந்த முறுக்கைக் கண்டு 1881இல் உரிமைப் பத்திரம் பெற்றவர் அலெக்சாந்தர் கிரகாம் பெல். அதற்கு முந்திய ஆண்டிலே, நடுவில் ஒரு கம்பியும் சுற்றிலும் ஓர் உலோக உறையுமாக அமைந்த கோஆக்சியல் கேபிளுக்கு ஒலிவர் ஹெவிசைட் உரிமை பெற்றிருந்தார். நாம் அன்ரெனா வயர் என்பது இதைத்தான். 1973இல் அமெரிக்காவிலே செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் கொம்பியூட்டர்களை இணைக்கும் ஈதர்நெற் முறை உருவானபோது, அதுவும் கோஆக்சியலிலேதான் ஓடியது. 1990இல் முறுக்குக் கம்பிக்கான நியமம் வந்தது. தொலைபேசியின் எளிய கம்பி வென்றுவிட்டது.

ஆகவே கோஆக்சியலை எல்லா அறைகளுக்கும் இழுக்கவேண்டியதில்லை என்று தீர்மானித்தேன். கூரையிலே டிஷ் வைப்போருக்கு அது இன்னும் வேண்டும். பியோ ரீவி போன்றவை இணையக் கம்பி வழியாகவே வருகின்றன. கூரையிலிருந்து மத்திய அலமாரிக்கு ஒன்று, அங்கிருந்து முன்மண்டபத்துக்கு ஒன்று, அவ்வளவே. தடிப்பான ‘ஆர். ஜி. 6’ வகை, மெலிந்த பழைய வகை வேண்டாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். நகரத்துக் கடையொன்றில் பாதி விலைக்கு ஒரு பெட்டி காட்டினார்கள். தூக்கினால் கனம் இல்லை. ஒரு கம்பியின் மேற்புறத்தை நகத்தளவு சுரண்டினேன். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு! எளிதில் முறியக்கூடியது, செம்பிலும் தடை கூடியது. சுவருக்குள் புதைப்பதற்கு அது தகாது. முழுச் செம்புக்கு ஓரங்குலம் சுரண்டினாலும் நிறம் மாறாது.

இனி, இந்த மண்ணுக்கென்று சில கவலைகள் உண்டு. 2011 தையிலே வெள்ளம் மாவட்டத்தை மூடியதைக் கண்டவர்கள், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இணைப்புப் பெட்டி வைக்கமாட்டார்கள். நாங்கள் நான்கடிக்கு உயர்த்தினோம். மத்திய அலமாரியை ஐந்தடிக்கு, கடற்காற்றின் உப்புப் படாத உட்சுவரிலே வைத்தோம். 2004 மார்கழி 26இல் வந்ததுபோல் கடலே எழுந்து வருமானால் ஐந்தடியும் ஒன்றுதான், பத்தடியும் ஒன்றுதான். அதற்கு நான் திட்டமிடவில்லை. பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிமின்னல் மிகும். டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளின் உறை, வீட்டினுள் நுழையுமிடத்திலே புவியோடு இணைக்கப்படவேண்டும். வளவின் பின்புறத்து அறைக்கு இணைப்பு வேண்டுமானால் செம்பை விட்டுப் பைபரை இழுப்பதே நன்று. கண்ணாடி வழியே மின்னல் வராது. 230 வோல்ற் மின்கம்பியோடு ஒட்டிச் செல்லாமல் ஓரடி விலகிச் செல்லவேண்டும். குறுக்கிட நேர்ந்தால் நேர்செங்குத்தாகக் கடக்கவேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதே, நினைவிருக்கிறதா? எல்லாம் ஓர் அலமாரியில் இருந்தால் ஒரு சிறு பற்றறி கொண்டே அவ்வலமாரியை விழித்திருக்கச் செய்யலாம்.

வரைபடத்தை முடித்து மகளிடம் காட்டினேன். அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்பா, என்ட மேசையை எங்க வைக்கிறதென்டு என்னைக் கேக்கவே இல்லையே” என்றாள்.

“எங்கே வைக்கப்போகிறாய்?”

“இன்னும் தெரியாது. வாவிப் பக்கமா இருக்கலாம். வேலை வீட்டிலிருந்து செய்யிற வேலையா இருந்தா பின்விறாந்தையிலும் வைப்பேன்.”

எங்கள் பிள்ளைகள் வேலைக்கென்று கொழும்புக்கும், அங்கிருந்து இன்னும் தொலைவுக்கும் போய்விடுவது புதிதன்று. இவளும் போகலாம், தடுக்க நான் யார்? ஆனால் இருக்க விரும்பினால், இந்த வீடு அவளைப் போகச் சொல்லும் வீடாக இருத்தல் கூடாது. அவளது அறையில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் பெட்டி வைத்தோம். பின்விறாந்தைக்கு வெறுங்குழாய் ஒன்று சென்றது. தம்பி ஒன்றும் பேசாமல் இன்னும் மூன்று நீளம் குழாய் எழுதிக்கொண்டார்.

வருகிற திங்கட்கிழமை பூச்சு வேலை தொடங்குகிறது. மேசனார் சாந்து பூசுமுன், திறந்து கிடக்கும் சுவர்களையெல்லாம் அளவுநாடாவைப் பிடித்தபடியே படம் எடுத்தோம். எந்தக் குழாய் எந்த மூலையிலிருந்து எத்தனை அடியில் ஏறுகிறது என்பதையும், ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் கட்டிய இலக்கத்தையும் ஒரு கொப்பியிலே மகள் தன் கையால் எழுதினாள். கொப்பி அவளிடமே இருக்கிறது.